மரணசாதனம் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்து

கேள்வி: என் தந்தையார் மரணசாதனம் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீடும் சில வங்கிக் கணக்குகளும் அவர் பெயரில் உள்ளன. தாயார் என்னுடன் இருக்கிறார். அண்ணன் ரொறன்ரோவில் வசிக்கிறார். வீட்டை விற்க நீதிமன்றம் போக வேண்டுமா? என்னென்ன ஆவணங்கள் தேவை?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கள் குடும்பத்தின் துயரில் நாமும் பங்குகொள்கிறோம். நீதிமன்றம் போகத்தான் வேண்டும். ஒருவர் இறந்ததுமே சொத்துரிமை வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் நீதிமன்றம் போகாமலிருக்கச் சட்டம் விலக்களிக்கும் தொகைக்குள் வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றின் பெறுமதி அடங்காது என்பதால், தந்தையார் கொழும்பில் வாழ்ந்தவராயின், புதுக்கடையிலுள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு, தாக்கல் செய்து, தாயாரோ நீங்களோ அச்சொத்தை நிருவகிக்க அதிகாரமளிக்கும் நிருவாகப் பத்திரம் பெற வேண்டும்.

மனுவையும் அதற்கு ஆதாரமான சத்தியக் கடதாசியையும் சட்டத்தரணி தயாரிப்பார். அவற்றுடன் மரணச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டின் உறுதி, காணிப் பதிவகத்தில் பெற்ற பதிவேட்டுப் பிரதி, சொத்தின் மதிப்பீடு, இறந்த நாளில் கணக்குகளில் இருந்த மீதியைக் காட்டும் வங்கிக் கடிதம் ஆகியவை வேண்டும். தேடியும் மரணசாதனம் கிடைக்கவில்லை என்று மனுவில் சத்தியம் செய்ய வேண்டியிருப்பதால், அலுமாரியையும் வங்கிப் பெட்டகத்தையும் உண்மையாகவே தேடிப் பார்த்துவிடுங்கள். பத்திரிகை அறிவித்தல் பிரசுரமாகி, ஆட்சேபனை எதுவும் வராவிட்டால் பத்திரம் வழங்கப்படும். மரணவரி பற்றி மூத்தவர்கள் யாரேனும் அச்சுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். அது 1985இல் நீக்கப்பட்டுவிட்டது.

எம்மவர் வழக்குகளை அதிகம் தாமதப்படுத்துவது பெயர்தான். உறுதியில் தகப்பன் பெயருடன் முழுப்பெயர், அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், மரணச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்பதைச் சத்தியக் கடதாசியால் நிறுவ வேண்டும். வழக்குத் தொடுத்த பிறகு இதைக் கண்டு திண்டாடுவதைவிட, எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் விரித்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்பே சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.

பங்கு விடயத்தில் ஒரு முக்கியமான கேள்வி உண்டு: தந்தையார் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரா? தமிழராக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. அவர் வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவராக இருக்க வேண்டும். அப்படியாயின், திருமண வாழ்வில் சம்பாதித்து வாங்கிய வீடு தேடியதேட்டமாகும். பாதி தாயாருக்கே உரியது, மறுபாதி பிள்ளைகளுக்குச் சேரும். தேசவழமைக்கு உட்படாதவர் என்றால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்குமாகும். இந்த வீட்டைப் பொறுத்தவரை முடிவு ஒன்றுதான். ஆனால் தந்தையாருக்கு முதுசமாக, அதாவது பெற்றோர் வழியில், வந்த ஊர்க்காணியும் இருந்தால் வேறுபாடு பெரிதாகும், ஏனெனில் தேசவழமையில் முதுசம் பிள்ளைகளையே சேரும்.

அண்ணன் மனுவுக்குச் சம்மதம் தெரிவித்து எழுத்தில் அனுப்ப வேண்டும். விற்பனையின்போது அவர் வர இயலாவிட்டால், அங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் கையொப்பமிட்ட அற்றோணித் தத்துவத்தை (தமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரத்தை) இங்கே பதிவு செய்ய வேண்டும். தந்தையார் எந்தக் கணக்கிலாவது பின்னுரித்தாளரை (தமக்குப் பின் பணத்தைப் பெறுபவரை) நியமித்திருந்தால், அந்தப் பணத்தை வங்கி அவருக்கே நேரடியாகச் செலுத்தலாம். இதை வங்கியில் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: என் சிறிய தந்தையார் ஒரு தாளில் தம் விருப்பத்தை எழுதி, இரண்டு அயலவர்களிடம் சாட்சிக் கையொப்பம் வாங்கியிருந்தார். இது செல்லுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் நொத்தாரிசு ஒருவர் முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகளேனும் ஒரே வேளையில் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். எனினும் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். இறந்தவரின் மரணசாதனத்தை வைத்திருப்பவர் அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்; அதன் செல்லுபடியைத் தீர்மானிப்பது நீதிமன்றமே, குடும்பத்தார் அல்லர்.