ராகிங் பட்டால்தான் நட்பு வருமா?

கேள்வி: என் மகன் இந்த வருடம் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறான். சீனியர்கள் ராத்திரியில் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேலி செய்கிறார்களாம். என் கணவரோ, "நாங்களும் பட்டுத்தான் வந்தோம், அதில்தான் நட்பு வளரும், மனுஷ இயல்பு" என்கிறார். அப்படியா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: இயல்பு என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது அம்மா. நட்பு வளரும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல சமூகங்களில் புதிதாக வந்தவரை வாட்டும் வழக்கம் இருக்கிறது. ஆல்டோ சிமினோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2011-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கூட்டத்தில் சேர்ந்த அன்றைக்கே அதன் பெயர், பாதுகாப்பு, பங்கு எல்லாம் புதியவருக்குத் தானாக வந்துவிடுகிறது, ஆனால் பதிலுக்கு அவர் இன்னும் எதுவும் செய்திருக்க மாட்டார். அந்தக் காலச் சிறு கூட்டங்களில் இப்படி உண்டுவிட்டு நழுவுகிறவரால் பெரிய நஷ்டம், அதனால் பழைய ஆட்களின் மனதில் 'இவன் முதலில் கஷ்டப்படட்டும்' என்ற உந்துதல் படிந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. சரி, ஆனால் ஃபீஸ் கட்டிச் சேர்ந்த உங்கள் பையன் எதை எடுத்துக்கொண்டு ஓடப் போகிறான்? அந்த சீனியர்களே நாலு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம் அந்த நட்பு. கஷ்டப்பட்டுச் சேர்ந்த கூட்டத்தின் மேல் பிடிப்பு கூடும் என்று 1959-இல் ஆரன்சன், மில்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்து சொன்னார்கள், பல காலம் எல்லோரும் அதையே பேசினார்கள். ஆனால் சிமினோவும் இன்னொரு ஆய்வாளரும், அமெரிக்காவில் ஒரு மாணவர் சங்கத்தில் சேர்ந்த 126 பேரை, மாதக்கணக்கில் நடந்த அந்த வதை நெடுகிலும் கவனித்து 2022-இல் எழுதினார்கள். ஒற்றுமை கூடியதற்குச் சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் கணவருக்கு ஹாஸ்டலில் கிடைத்த நட்பு, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு விடிய விடியச் சேர்ந்து படித்ததில் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. எனவே தயங்காதீர்கள். இன்றைக்கே மகனிடம் பேசுங்கள், யார், எந்த அறை, எத்தனை மணி என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வார்டனிடம் நேரில் போங்கள். தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. கணவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.