ஹார்மோன் மருத்துவரின் தலைமை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பொது மருத்துவத்தில் மேற்படிப்பும் எண்டோகிரைனாலஜி என்கிற ஹார்மோன் மருத்துவத்தில் தனிப் பயிற்சியும் முடித்து, ஒரு பெரிய மருத்துவமனையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை முதல் மாலை வரை ஓ.பி. தான். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சுகர், இல்லையென்றால் தைராய்டு. கூடப் படித்தவர்கள் இதயத்துறையிலும் அறுவைத்துறையிலும் பொறுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கு ஆபரேஷன் தியேட்டர் இல்லை, இதயக் குழாய்ச் சிகிச்சைக்கான கேத் லேப் இல்லை, சொந்தமாக ஒரு ஐ.சி.யூ. படுக்கைகூட இல்லை. கூப்பிட்டால் போய்க் கருத்து எழுதிவிட்டு வருகிறவர்களாகத்தான் நிர்வாகம் எங்களைப் பார்க்கிறது. ஆராய்ச்சி, கற்பித்தல், மருந்து நிறுவனம், சங்கப் பொறுப்பு என்று பல வழிகள் சொல்கிறார்கள். எங்கள் துறையில் தலைமை என்பதை எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் துறைக்குச் சொந்த இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இன்சுலினோ ஸ்டீராய்டோ கொடுக்கப்படாத வார்டு ஒன்றை உங்கள் மருத்துவமனையில் காட்ட முடியாது. அதில் பெரும்பகுதியை எழுதுவது நீங்கள் அல்ல. இரவு டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர். நீங்கள் அங்கே இல்லாத நேரத்தில் அவர் சரியாக எழுதும்படி ஏற்பாடு செய்து வைப்பதுதான் நம் துறையின் தலைமை என்பது என் உறுதியான எண்ணம். பதவி அதற்குப் பின்னால் வரும், சில சமயம் வராமலும் போகும்.

முதலில் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு, இன்சுலின் போடப்பட்ட உள்நோயாளிகளின் குளுக்கோமீட்டர் அளவுகளை எல்லாம் திரட்டுங்கள். எத்தனை நோயாளி-நாட்களில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனது, எத்தனையில் 54-க்குக் கீழே போனது என்று வார்டு வாரியாகப் பிரியுங்கள். பிறகு 54-க்குக் கீழே போன ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டையும் எடுத்துக் காரணம் தேடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாயிற்று, ஸ்கேனுக்குக் கூட்டிப்போனதில் சாப்பாடு வரவில்லை. டியூப் வழி உணவை நிறுத்தினார்கள், இன்சுலினை நிறுத்தவில்லை. ஸ்டீராய்டு டோஸைப் பாதியாக்கினார்கள், இன்சுலின் டோஸ் அப்படியே நின்றது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியதை யாரும் டோஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யூனிட் என்பதற்கு ஒற்றை 'யூ' எழுத்தைப் போட்டார்கள், அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு 10 நூறாகிவிட்டது. இவற்றில் எதற்கும் உங்கள் ஆழ்ந்த ஹார்மோன் அறிவு தேவையில்லை. மருந்துச் சீட்டின் அமைப்பையும் நர்ஸ்களின் வேலை வரிசையையும் மாற்றினாலே பாதி குறையும். நிர்வாகத்திடம் 'எங்கள் துறை முக்கியமானது' என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கக் கணக்கை வைப்பது பலன் தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்க்கரையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற ஆர்வம் நம் துறைக்காரர்களுக்கு எளிதில் வரும். 2009-ல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். சர்க்கரையை 81 முதல் 108-க்குள் இறுக்கி வைத்தவர்களில் 90 நாளில் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். 140 முதல் 180 வரை என்ற இலக்கு பரவலாக ஏற்கப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். நெறிமுறை எழுதும் அதிகாரம் கையில் வந்ததும் இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

அடுத்தது லேப். மற்ற துறைத்தலைவர்கள் பலர் லேபுக்குள் கால் வைப்பதே இல்லை. நமக்கு அது கட்டாயம், ஏனென்றால் நம் நோய்கள் பலவும் எண்களாகத்தான் வருகின்றன, அந்த எண்கள் தவறக்கூடியவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் மூன்று சென்டிமீட்டருக்கும் பெரிய கட்டி, ஆனால் அது சுரக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சுமாராகத்தான் ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், சாம்பிளை நூறு மடங்கு நீர்த்துத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஹார்மோன் அளவு மிக அதிகமாக இருக்கும்போது சோதனையில் ஹார்மோனைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியாக நிரம்பிவிடும். அதனால் அளவு குறைவாகக் காட்டும். இது தெரியாமல் போனால், கேபர்கோலின் மாத்திரையில் சுருங்கியிருக்கக்கூடிய கட்டிக்காக ஒருவருக்கு மண்டையில் அறுவை நடக்கும். அதேபோல பயோட்டின் என்ற வைட்டமின். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று 5, 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, பயோட்டினைப் பயன்படுத்தும் கருவிகளில் தைராய்டு சோதனைகளான டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், எஃப்.டி.4 பொய்யாக ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோலவே ரிப்போர்ட் இருக்கும், ஆள் நன்றாக இருப்பார். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். உங்கள் லேபில் இருக்கும் கருவி எந்த வகை, எந்தச் சோதனையில் இந்தச் சிக்கல் வரும் என்று உயிர்வேதியியல் மருத்துவருடன் உட்கார்ந்து ஒரு அட்டவணை போடுங்கள். சந்தேகத்துக்கு இடமான ரிப்போர்ட்டின் அடியில் ஒரு குறிப்பு தானாக அச்சாகும்படி செய்துவிட்டால், உங்களைப் பார்க்கவே வராத நோயாளிக்கும் நீங்கள் மருத்துவம் பார்த்தவர் ஆகிறீர்கள்.

அட்ரினல் நெருக்கடிக்கான, அதாவது உடலில் கார்ட்டிசோல் ஹார்மோன் போதாமல் உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கான விதியைக் கேஷுவாலிட்டி சுவரிலேயே ஒட்டிவிடலாம். கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் உடனே ஊசி, பிறகு 24 மணி நேரத்தில் 200, சலைன் கூடவே. கார்ட்டிசோலுக்கு ரத்தம் எடுத்து வைக்கலாம், முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் நோயாளிக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வழக்கமான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு, வாந்தி எடுத்தால் ஊசி. இந்த ஆபத்தில் இருக்கும் பெரும்பாலோர் உங்கள் நோயாளிகள் அல்ல. மூட்டு நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டு, அதனால் சொந்த அட்ரினல் சுரப்பு அடங்கிப்போனவர்கள் அவர்கள். அந்தத் துறைகளின் வகுப்புக்கு நீங்களாகவே போய்ப் பேசுங்கள்.

கூட்டுச் சிகிச்சைக் கூட்டம் ஒன்றையாவது நீங்கள் நடத்த வேண்டும். பிட்யூட்டரி கூட்டம் நல்ல தொடக்கம், ஏனென்றால் நரம்பு அறுவை மருத்துவர், கண் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், கதிர்வீச்சு மருத்துவர் என்று யாராலும் அங்கே தனியாக முடிவெடுக்க முடியாது. அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாள் சிறுநீர் கொட்டுவதை எல்லோரும் கவனிப்பார்கள். தவறு நடப்பது அதற்குப் பிறகு. ஆள் நலமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஏறக்குறைய ஏழாம் நாள், உடலில் நீர் தேங்கி சோடியம் சரியும். தலைவலி, குமட்டல், குழப்பம், கவனிக்காவிட்டால் வலிப்பு. டிஸ்சார்ஜ் தாளில் 'ஏழாம் நாள் சோடியம்' என்று எழுதுவது மட்டும் போதாது. ரத்தம் எங்கே கொடுப்பது, மாலையில் முடிவு வந்தால் யாருடைய போனுக்குப் போகும், 130-க்குக் கீழே இருந்தால் யார் நோயாளியைக் கூப்பிடுவார் என்று பெயரோடு எழுத வேண்டும். வாந்தி என்றால் கார்ட்டிசோல் குறைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தத் தாளை எழுதி நடைமுறைக்குக் கொண்டுவருகிறவர்தான் அந்தக் கூட்டத்தின் தலைவர், நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சரி.

நீங்கள் கேட்ட மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுவனத்தில் மருத்துவ ஆய்வை வடிவமைக்கும் வேலை மதிப்புள்ளது. விற்பனைக்கு மேடையில் பேசும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சங்கப் பொறுப்பை வழிகாட்டி எழுதும் குழுவிலிருந்து தொடங்குங்கள், மாநாட்டு வரவேற்புக் குழுவிலிருந்து வேண்டாம். முதல் வழியில் ஆதாரங்களை எடைபோடக் கற்பீர்கள்.

ஆராய்ச்சி என்றதும் எனக்கு சாலமன் பெர்சனும் ராசலின் யாலோவும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். அவர் மருத்துவர், இவர் இயற்பியலாளர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் ரத்தத்தில் இன்சுலினைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கிறது என்று 1950-களில் எழுதினார்கள். கட்டுரை முதலில் திருப்பி அனுப்பப்பட்டது, கடைசியில் தலைப்பிலிருந்து 'ஆன்டிபாடி'யை எடுத்த பிறகே வெளியானது. அதே கண்டுபிடிப்பிலிருந்துதான் கதிரியக்கக் குறியீட்டோடு ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் ரேடியோ இம்யூனோ அசே பிறந்தது, ரத்தத்தில் ஹார்மோனை நுணுக்கமாக அளக்கும் வழி திறந்தது. அதற்கு அவர்கள் காப்புரிமை எடுக்கவில்லை, வந்து கேட்டவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1972-ல் பெர்சன் இறந்ததும் ஆய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டச் செய்தார் யாலோ, தன் கட்டுரைகளில் அந்தப் பெயர் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக. 1977-ல் நோபல் பரிசு யாலோவுக்கு வந்தது. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டிக்கும் பிறகு தலைவரானார். பதவி எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள்.

நிர்வாகத்திடம் போகும்போது பட்டம் கேட்காதீர்கள். வாரத்தில் அரை நாள் ஓ.பி. இல்லாத நேரம், இன்சுலின் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், குளுக்கோமீட்டர் தரவை லேப் கணினியோடு இணைக்கும் அனுமதி, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்; ஆறு மாதம் கழித்து அதே கணக்கை மறுபடி எடுத்துக் காட்டுவதாகச் சொல்லுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டால் நர்ஸை மட்டுமாவது விடாமல் கேளுங்கள்.