சாக்லேட் வைத்த மெரிங் ஏன் பிசுபிசுத்துப் போகிறது?

ஓவனிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும் மெரிங் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துக் காயவைக்கும் இனிப்பு), நடுவில் சாக்லேட் க்ரீம் வைத்து இரண்டிரண்டாகச் சேர்த்ததும் சில மணி நேரத்தில் ஏன் நமத்துப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் சில தடவை அப்படித்தான் ஆனது. சரியாக வேகவில்லையோ என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் ஓவனில் விட்டுப் பார்த்தேன், பயனில்லை. ஏனென்றால் கோளாறு மெரிங்கில் இல்லை, உள்ளே வைக்கும் க்ரீமில் இருக்கும் ஈரத்தில்தான்.

காய்ந்த மெரிங்கில் முக்கால்வாசிக்கும் மேல் சர்க்கரை. சர்க்கரைக்கு ஈரத்தைக் கண்டால் விடாது, இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். நான் செய்வது இதுதான்: ஆறிய மெரிங்கைத் திருப்பி, அதன் தட்டையான அடிப்பக்கத்தில் உருக்கிய டார்க் சாக்லேட்டைப் பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசி, இறுகும்வரை விட்டுவிடுவேன். சாக்லேட்டில் இருப்பது கொழுப்பு, அதைத் தாண்டி ஈரம் எளிதில் போகாது. ஓரம்வரை பூசுங்கள். ஒரு சின்ன இடைவெளி விட்டாலும் அந்த இடத்தில்தான் முதலில் இளகும்.

அதற்குமேல் வைக்கும் கனாஷையும், அதாவது சாக்லேட்டைச் சூடான க்ரீமில் உருக்கிக் கலந்த அந்தச் சாக்லேட் க்ரீமையும், கெட்டியாகச் செய்துகொள்ளுங்கள். வழக்கமாகச் சாக்லேட்டும் க்ரீமும் சம அளவு போடுவார்கள். இதற்கு 100 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 60 மில்லி க்ரீம் போதும். சூடான க்ரீமை நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். கத்தியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்துக்கு ஆறிய பிறகே வைக்க வேண்டும். மில்க் சாக்லேட் வேண்டாம் என்பேன். மெரிங்கே அவ்வளவு இனிப்பு, அதற்குக் கொஞ்சம் கசப்பு சேர்ந்தால்தான் சாப்பிட நன்றாக இருக்கும்.

மெரிங்குக்கு என் அளவு: 3 வெள்ளைக்கரு, சுமார் 90 கிராம் வரும். சர்க்கரை அதைப்போல இரண்டு மடங்கு, 180 கிராம். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போது கரு பிரிப்பது சுலபம், அடிப்பதற்கு மட்டும் குளிர் போன பிறகு எடுங்கள். மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை சரியாக எழும்பாது.

சர்க்கரையை மட்டும் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். நுரை மென்மையாக எழுந்த பிறகு ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு அடிக்க வேண்டும். போதுமா என்று பார்க்க, துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நெருடினால் இன்னும் கரையவில்லை, தொடர்ந்து அடியுங்கள். வழுவழுவென்று இருந்தால் சரி. கரையாத சர்க்கரைதான் பின்னால் பாகுத் துளிகளாக வெளியே கசியும், அதுவும் பிசுபிசுப்புக்கு ஒரு காரணம்.

அப்புறம் ஓவன். இதை வேகவைப்பது என்பதைவிடக் காயவைப்பது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டர் அகலமுள்ளவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம். நிறம் மாற ஆரம்பித்தால் சூட்டைக் குறையுங்கள். தட்டில் விரித்த பேக்கிங் காகிதத்திலிருந்து ஒட்டாமல் எழுந்து வந்தால் ஆகிவிட்டது. ஓவனை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். சட்டென்று குளிர்காற்று பட்டால் விரிசல் விழும். மழைநாளில் நான் செய்வதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே கெடுத்துவிடும்.

விருந்துக்கு என்றால் வெறும் மெரிங்கை முன்கூட்டியே செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அங்கே ஈரம் அதிகம். சாக்லேட் பூசுவதும் கனாஷ் வைப்பதும் பரிமாறுகிற அன்று செய்தால் போதும்.