ஹைப்ரிட் பிக்கப் போட்டால் கிடாரின் ஒலி மாறுமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: சிங்கிள் காயில் கிடாரின் இரைச்சல் குறையணும், ஒலியின் தெளிவும் போகக் கூடாது, ஹைப்ரிட் பிக்கப் சரிவருமா?

சரிவரும் தம்பி. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள். சிங்கிள் காயிலில் இருக்கும் ஒற்றைச் சுருள், கரண்ட் வயர்களின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடிக்கும். ஹம்பக்கர் என்ற வகை பிக்கப்பில் இரண்டு சுருள்கள். சுற்றிய திசையும் காந்த முனையும் எதிரெதிர். அதனால் ரீங்காரம் அடிபட்டுப்போய், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஹைப்ரிடும் ஒரு ஹம்பக்கர்தான், ஆனால் அதில் அந்த இரண்டு சுருள்களையும் வேண்டுமென்றே வெவ்வேறாகச் சுற்றுவார்கள். சுற்று எண்ணிக்கையோ கம்பியின் தடிமனோ மாறும். ஹம்பக்கரில் குறையும் தெளிவு திரும்பும், கொஞ்சம் ரீங்காரமும் மிஞ்சும். எனக்கு அது மிகவும் பிடித்த ஒலி.

அப்புறம், வால்யூம் கண்ட்ரோலையும் பாருங்கள். அதன் மின்தடை சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 வழக்கம். பழைய 250-ஐயே விட்டால் ஒலி மங்கும்.

அதற்கெல்லாம் முன்னால், நம்ம ஊர் உப்புக்காற்றில் கேபிள் செருகும் ஜாக்கும் ஸ்விட்சும் களிம்பேறியிருக்கும். முதலில் அவற்றைத் துடைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.