பத்து கோல் வாங்கிய தீவு: வாசகர் கேள்வி, பதில்

2024 நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்த சந்தோஷ் டிராபி (மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டி) ஆட்டத்தில் லட்சத்தீவை கேரளம் 10-0 என்று தோற்கடித்தது. இப்படிப்பட்ட அணியை எதற்கு ஆட விடுகிறார்கள்? ஒரு தகுதி வேண்டாமா?
– கல்லூரி மாணவர், குளச்சல்

வேண்டும் தம்பி. அதற்குத்தானே தகுதிச் சுற்று என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்? அந்தப் பத்து கோல் விழுந்ததும் அங்கேதான். அடித்த அணி எது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். அதே கேரளம் டிசம்பர் 31 அன்று ஹைதராபாதில் இறுதி ஆட்டம் வரை போய், வங்காளத்திடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றது. 2021 டிசம்பரில் கொச்சியில் லட்சத்தீவை 5-0 என்று வென்ற கேரள அணி, அந்தத் தடவை கோப்பையையே தூக்கியது.

இனி லட்சத்தீவைப் பாருங்கள். மொத்தம் 36 தீவுகள், அதில் மக்கள் இருப்பது பத்தில்தான். எல்லா நிலத்தையும் சேர்த்தால் 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். அதே கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தில் 18 லட்சத்துக்கு மேல். நாகர்கோவிலில் ஒரு பையன் பயிற்சி ஆட்டம் வேண்டுமென்றால் பஸ் ஏறி மார்த்தாண்டம் போய், ஆடிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே ஒரு தீவுப் பையன் அடுத்த தீவுப் பையனோடு ஆட வேண்டும் என்றாலே கடல் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நினைத்த நேரத்துக்கு நடக்காது. விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். மற்றவர்களுக்குக் கப்பல்தான். கொச்சிக்கு வர ஒரு ராத்திரி பிடிக்கும், சில தீவுகளிலிருந்து அதற்கு மேலும்.

கப்பலில் வந்து இறங்கியவன் கால் எப்படி இருக்கும் என்று நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகும் யாரையாவது கேளுங்கள். என் அப்பா கரையேறிய அன்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "தரை இன்னும் ஆடுது" என்பார். மறுநாள் காலைவரை அப்படித்தான். அந்தக் காலோடு வந்து பந்தைத் தொடுகிறவர்கள் அவர்கள்.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது என் அக்கா மகன் ஆழ்கடலில் இருந்தான். எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது, கல்பேனியில் கரை சேர்ந்திருக்கிறான் என்று. அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் சோற்றைப் பங்கு வைத்தார்கள். உடுத்த துணி இல்லாமல் நின்றவனுக்கு ஒரு பையன் தன் பந்து ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தான். முதுகில் 7 என்ற எண், பாதி உரிந்துபோனது. இன்றும் அக்கா வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் சந்தோஷ் டிராபி வந்தால் அவன் என்னிடம் முதலில் கேட்பது, "லட்சத்தீவுக்குக் களி என்னைக்கு மாமா?" என்றுதான். களி என்றால் ஆட்டம்.

1941-லிருந்து நடக்கும் இந்தப் போட்டியில் லட்சத்தீவு என்ற பெயர் வந்ததே 2017 ஜனவரியில்தான். எழுபத்தைந்து வருஷம் காத்திருந்து கிடைத்த இடம். பத்து கோலுக்காக அதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

லட்சத்தீவு இதில் ஓர் ஆட்டமாவது ஜெயித்திருக்கிறதா?
– இல்லத்தரசி, இரணியல்

ஜெயித்திருக்கிறதம்மா. அதுவும் முதல் ஆட்டத்திலேயே. 2017-இல் தெலங்கானாவை 1-0 என்று வென்றார்கள்.

ஊர் சின்னது என்றால் பந்தில் பெரிய ஆளாக முடியாது என்பதுதானே நடைமுறை?
– கடைக்காரர், மார்த்தாண்டம்

இல்லை அண்ணாச்சி. தூத்தூர்க் கரையிலிருந்து நேர் மேற்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் போனால் மினிக்காய். நம் ஆட்கள் சூரை பிடிக்கப் போகும் கடல். மினிக்காய்க்குத் தெற்கே எட்டு டிகிரி கால்வாயைத் தாண்டினால் மாலத்தீவு. மினிக்காய்க்காரர் பேசும் மகல் மொழியும் மாலத்தீவு மொழியும் ஒரே குடும்பம். அந்த மாலத்தீவு 2008-இல் கொழும்பில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்றது. 2018-இல் டாக்காவில் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் இந்தியா, 2-1.

இன்னொன்று, வட ஐரோப்பாவில் உள்ள ஃபாரோ தீவுகள். 1990-இல் அங்கே ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை, லட்சத்தீவைவிடக் குறைவு. சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற புல்தரை இல்லாததால், தங்கள் சொந்த ஊர் ஆட்டத்தையே ஸ்வீடனில் லாண்ட்ஸ்க்ரூனாவில் வைத்துக்கொண்டார்கள். எதிரே ஆஸ்திரியா, அந்த வருஷ உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்தவர்கள். கம்பளிக் குல்லா போட்ட கோலி ஒரு பந்தையும் விடவில்லை. டோர்கில் நீல்சன் ஒரு கோல் அடித்தார். 1-0. ஐரோப்பியப் போட்டியில் அது அவர்களின் முதல் ஆட்டம்.

நம்மிடமே ஆள் இருக்கிறதே! இரவிபுத்தன்துறை எவ்வளவு பெரிய ஊர்? அங்கிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிவரை போனார்.

நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கும் லட்சத்தீவுப் பிள்ளைகளுக்கும் ஒரு போட்டி வைத்தால் என்ன?
– பிளஸ் டூ மாணவி, சின்னத்துறை

மகளே, நான் பள்ளியில் விசில் ஊதிய காலத்திலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நாளாகும். அதனால் அவர்களை இங்கே கூப்பிடுவோம். மழை ஓய்ந்து கப்பல் ஒழுங்காக ஓடும் ஜனவரி நல்லது. கொச்சியில் இறங்கினால் ரயிலில் ஒரு பகல் தூரம்தான். ஒரு விஷயம் மட்டும்: வந்த அன்றே ஆடச் சொல்லக்கூடாது. இரண்டு நாள் கரையில் தூங்கி எழுந்து, கால் தரைக்குப் பழகட்டும். அப்புறம் விசில்.

லாட்ஜ் எடுக்க வேண்டியதில்லை. என் வீட்டு மாடியில் நான்கு பேர் படுக்கலாம். அக்கா வீட்டில் இரண்டு பேர், கல்பேனிப் பையன்கள் வந்தால் அவர்களை அங்கேதான் விட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கு உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.