சீப்பு பைண்டிங் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் அலுவலக ஃபைல்களைப் பற்றி எழுதும்போது, "பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் ஆவணத்துக்கு ஸ்பைரல் வேண்டாம், சீப்பு பைண்டிங் போடுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. சீப்பு பைண்டிங் என்றால் எது என்றே சிலர் கேட்டிருக்கிறார்கள். தலை சீவும் சீப்பு மாதிரி வரிசையாகப் பல் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அந்தப் பற்கள் சுருண்டு வளையமாகி, தாளின் ஓரத்தில் போட்ட செவ்வக ஓட்டைகளுக்குள் நுழைந்திருக்கும். கடைகளில் காம்ப் பைண்டிங் என்பார்கள். திருவல்லிக்கேணியில் 22 வருடமாக ஜெராக்ஸ், பைண்டிங் கடை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, அம்பத்தூரில் ஒரு சின்ன தொழிற்சாலையில் அட்மின் வேலை பார்க்கிறேன். எங்கள் தர மேனுவலில் மாதம் இரண்டு மூன்று பக்கமாவது மாறும். ஒவ்வொரு தடவையும் ஸ்பைரலை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். சீப்பு பைண்டிங் மெஷின் வாங்கலாம் என்றால், "அது பழைய சாமான், பார்க்க நன்றாக இருக்காது" என்கிறார் முதலாளி. என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பது?

இந்த மாதம் மாறிய இரண்டு பக்கத்தை அவர் கண் முன்னால் மாற்றிக் காட்டுங்கள் தம்பி, வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்டடப் பொறியாளர் சாயங்காலம் வந்து 170 தாளில் ஒரு எஸ்டிமேட், மூன்று பிரதி, பைண்டிங் போட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு பார்ட்டியிடம் கொடுக்க வேண்டும். ராத்திரி எட்டரை மணிக்குத் திரும்ப ஓடி வருகிறார், 87-ம் பக்கத்தில் கம்பி விலை தப்பு, அதனால் கடைசிப் பக்கத்து மொத்தமும் தப்பு. நல்ல வேளையாக சீப்புதான் போட்டிருந்தோம். மெஷினில் மாட்டி நெம்புகோலை இழுத்தால் 21 பல்லும் ஒன்றாக வாய் திறக்கும், அந்தப் பக்கம் வரைக்கும் கழற்றி, தப்பான தாளை உருவி, புதுத் தாளுக்கு ஓட்டை போட்டு மாட்டி, நெம்புகோலை விட்டால் மூடிக்கொள்ளும். மூன்று பிரதியும் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தாளும் கிழியவில்லை, அதே சீப்பு, அதே அட்டை. ஸ்பைரலாக இருந்தால் முனையில் மடக்கிவிட்ட கம்பியை வெட்டி, சுற்றிச் சுற்றி உருவி, மூன்றுக்கும் புதுச் சுருள் போட்டிருக்க வேண்டும். வைரோ, அதாவது இரட்டைக் கம்பி வளையம் போடும் பைண்டிங் என்றால் கம்பியை நெம்பித் திறந்தால் திறந்ததுதான், மறுபடி அமுக்கினால் பழையபடி உட்காராது.

சீப்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான். இன்னும் வளர்ந்துகொண்டும் மாறிக்கொண்டும் இருக்கிற ஆவணத்துக்கு இதைவிடத் தோதான பைண்டிங் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் "பார்க்க நன்றாக இருக்காது" என்கிறாரே, அதற்கும் பதில் உண்டு. சீப்புக்கு முதுகு இருக்கிறது. அலமாரியில் நிறுத்தினால் அகலமான பட்டை வெளியே தெரியும், அதில் லேபிள் ஒட்டலாம், நிறைய பிரதி வேண்டுமென்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவரிடம் கொடுத்து கம்பெனிப் பெயரையே அச்சடித்துக்கொள்ளலாம். ஸ்பைரலில் அந்த இடமே கிடையாது, முப்பது ஃபைல் வரிசையாக நின்றால் எது எது என்று ஒவ்வொன்றாக இழுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆடிட் சமயத்தில் அந்த அவஸ்தை உங்களுக்கே தெரிந்திருக்கும். லேபிள் ஒட்டுவதற்கு முன் முதுகை ஒரு துணியால் அழுத்தித் துடையுங்கள், கைப்பிசுக்கு இருந்தால் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

மேஜைமேல் விரித்தால் தட்டையாகக் கிடக்கும், மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் ஸ்பைரல் மாதிரி பின்பக்கமாக முழுக்க மடக்க வராது, ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி எழுதுகிற சூப்பர்வைசருக்கு இது சரிப்படாது. அவருக்கு மட்டும் ஸ்பைரலே கொடுத்துவிடுங்கள்.

மெஷின் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதலாவது, ஓட்டையின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, அதாவது தாளின் விளிம்பிலிருந்து ஓட்டை எவ்வளவு உள்ளே விழ வேண்டும் என்று மாற்றும் குமிழ். தடித்த புத்தகத்துக்கு ஓட்டை கொஞ்சம் உள்ளே தள்ளி விழவில்லையென்றால் புரட்டப் புரட்டக் கிழியும். இரண்டாவது, ஓட்டை போடும் கத்திகளில் தேவையில்லாததை நிறுத்திவைக்கும் வசதி, ஏ5 மாதிரி சின்னத் தாளுக்கு அது இல்லாமல் முடியாது. கை மெஷினில் ஒரு தடவைக்கு இத்தனை தாள் என்று போட்டிருப்பார்கள், அதில் மூன்று குறைத்தே போடுங்கள், கத்தி நாள்பட உழைக்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் நேரில் கையால் இழுத்துப் பார்த்து வாங்கலாம். சீப்பை ஆன்லைனில் வாங்குவதானால் 21 பல்தானா என்று எண்ணிப் பாருங்கள், 19 பல் என்பது அமெரிக்க லெட்டர் அளவுத் தாளுக்கானது, நம் ஏ4 தாளுக்கு ஓரத்தில் குறையும்.

எத்தனை பக்கத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் சீப்பு? கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று போடுகிறார். (ஒரு வாசகி, குரோம்பேட்டை)

பக்கத்தை எண்ணாதீர்கள், தாளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் அச்சடித்த 200 பக்கம் என்றால் 100 தாள்தான். நாம் சாதாரணமாக வாங்கும் 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் 100 அடுக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். அந்த உயரத்தோடு நான்கைந்து மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால் உங்கள் சீப்பு வந்துவிடும். 50 தாளுக்கு 10, 80 தாளுக்கு 12, 120 தாளுக்கு 16, 200 தாளுக்கு 25. பெட்டியில் 51 மில்லிமீட்டர் சீப்புக்கு 500 தாள் வரை என்று போட்டிருக்கும், நான் 400-க்கு மேல் போட்டுக் கொடுப்பதில்லை, அதற்கு மேல் கனம் தாங்காமல் நடுப்பல் வாய் பிளக்கும், இரண்டு பாகமாகப் பிரித்துவிடுவேன்.

சின்ன சீப்பில் நெருக்கித் திணித்தால் புரட்டும்போது தாள் வளையத்தில் மாட்டி ஓட்டை கிழியும். ரொம்பப் பெரிதாகப் போட்டால் தாள்கள் உள்ளே ஆடி, ஓரம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சரிந்து நிற்கும். இனிமேல் பக்கம் சேரும் என்று தெரிந்தால் மட்டும் ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

கடைசி ஓட்டை எப்போதும் பாதியாக வெட்டி ஓரம் கிழிகிறது. மெஷின் கெட்டுவிட்டதா? (கிண்டி)

பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். தாள்கட்டை மேஜையில் இரண்டு பக்கமும் தட்டிச் சமன் செய்து, பக்கவாட்டு நிறுத்தியில் முட்டும்வரை தள்ளிவிட்டு அப்புறம் நெம்புங்கள். அந்த நிறுத்தி ஏ4-க்கு உரிய கோட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், யாராவது லெட்டர் அளவுக்கு நகர்த்தி வைத்திருப்பார்கள். ஒரு வேண்டாத தாளில் முதலில் குத்திப் பார்ப்பது நல்லது. கீழே இருக்கும் தூள் தட்டையும் கொட்டுங்கள், நிரம்பிவிட்டால் துண்டுகள் மேலே ஏறி கத்தியைப் பிடித்துக்கொள்ளும். மேலட்டையாகப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை, அதாவது ஓஹெச்பி ஷீட்டைத் தனியாகக் குத்தினால் வழுக்கும், இரண்டு தாளுக்கு நடுவில் வைத்துக் குத்துங்கள்.

அச்சடிக்கும்போதே இடது ஓரம் ஒன்றேகால் அங்குலமாவது விட்டுவிடுங்கள், இரண்டு பக்க அச்சு என்றால் பின்பக்கத்துக்கு வலது ஓரம் அந்த அளவு. முதல் எழுத்து வளையத்துக்குள் மறைந்துபோன ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, மறுபடி அச்சடிப்பதைத் தவிர வேறு வழி சொல்ல முடியவில்லை.

காரில் வைத்திருந்த ரிப்போர்ட்டின் வளையமெல்லாம் தளர்ந்து பக்கம் கழன்றுவிட்டது. தரமில்லாத சீப்பா? (ஒரு மருத்துவப் பிரதிநிதி, அண்ணா நகர்)

எந்த மாதம் என்று எழுதவில்லை, மே மாதமாகத்தான் இருக்கும். சீப்பு பிவிசி பிளாஸ்டிக், சூட்டில் இளகும். கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு, வெளியே இருப்பதைவிட ரொம்ப அதிகமாகக் கொதிக்கும். அங்கே ஒரு மத்தியானம் கிடந்தால் எந்தக் கம்பெனி சீப்பும் சுருள் விட்டுவிடும். சீட்டுக்கு அடியில், நிழலில் படுக்கவைத்து வையுங்கள், மேலே கனம் ஏற்றாதீர்கள். கூரியரில் அனுப்பும்போதும் முதுகுக்கு ஒரு அட்டை மடித்து வைத்துக் கட்டுங்கள், இரண்டு பிரதி என்றால் ஒன்றின் முதுகு இந்தப் பக்கம், மற்றதன் முதுகு அந்தப் பக்கம்.

போனது சீப்பு மட்டும்தான், தாளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்துக் கடையில் கொடுங்கள், புது சீப்பில் மாட்டித் தந்துவிடுவார்கள், ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் ஐந்து நிமிட வேலை. வைரோவுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது கம்பி. கடற்கரைப் பக்கத்து ஊர் இது, மேல்பூச்சு உரிந்த இடத்தில் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்குத் துரு ஏறி, தாள் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு விழுந்ததை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அலுவலகத்துக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கிற ஃபைலுக்கு சீப்பே போதும்.

எங்கள் கம்பெனி போர்டு மீட்டிங் மினிட்ஸை சீப்பு பைண்டிங்கில் வைக்கலாமா? பக்கம் சேர்க்க வசதியாக இருக்குமே. (நுங்கம்பாக்கம்)

வேண்டாம். சேர்க்க வசதியாக இருப்பது உருவவும் வசதியாக இருக்கும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். மினிட்ஸை, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எப்படி வைக்க வேண்டும் என்பதை 2013-ம் வருட கம்பெனிகள் சட்டத்தின் 118-வது பிரிவும், அதன்கீழ் கடைப்பிடிக்க வேண்டிய செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டும் (கம்பெனிக் கூட்டங்களுக்கான நடைமுறை விதிகள்) சொல்கின்றன. தனித்தனித் தாளாக வைத்தால் குறித்த காலத்துக்கு ஒரு தடவை பைண்ட் செய்ய வேண்டும், தாளை யாரும் உருவ முடியாதபடி பூட்டும் ஏற்பாடு இருக்க வேண்டும். மெஷின்கூட இல்லாமல் விரலால் ஒவ்வொரு பல்லாக நிமிர்த்தித் தாளை எடுத்துவிடலாம் என்கிற சீப்பு அதற்கு எப்படிச் சரியாகும்? தைத்து, ஹார்ட் பைண்டிங் போடுங்கள். பார்ட்னர்ஷிப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கையெழுத்தாகி முடிந்துபோன எதற்கும் இதையேதான் சொல்வேன். என் கடைக்கு அப்படி யாராவது பத்திரத்தை சீப்பு போடக் கொண்டுவந்தால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுவது வழக்கம்.

சீப்பு பிளாஸ்டிக்தானே, தமிழ்நாட்டில் தடை இல்லையா?

2019 ஜனவரி 1 முதல் தடையானது பை, தட்டு, கப், ஸ்ட்ரா மாதிரி ஒரு தடவை பயன்படுத்தி எறியும் சாமான்கள். சீப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கழித்த ஃபைலை பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் சீப்பை உருவி எடுத்து அளவுவாரியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், உள்ளே புழங்கும் ஃபைலுக்கு அதையே திரும்பப் போடலாம். எரிக்க மட்டும் செய்யாதீர்கள், பிவிசி புகை மூச்சுக்கு ரொம்பக் கெடுதல்.

ரிடையர் ஆன டீச்சர் நான், மயிலாப்பூர். அலுவலகக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். அம்மா கைப்பட எழுதி வைத்த சமையல் குறிப்புத் தாள்கள் 40 இருக்கின்றன, அண்ணி, தங்கை வீடுகளிலிருந்தும் இன்னும் வரும். எப்படி பைண்ட் செய்வது?

இதில் மன்னிக்க என்ன இருக்கிறது அம்மா. அந்த மூலத் தாள்களில் ஓட்டை போட விடாதீர்கள், கையெழுத்து இடது ஓரம் வரை வந்திருக்கும், ஒரு எழுத்து போனாலும் திரும்பக் கிடைக்காது. ஜெராக்ஸ் எடுக்கும்போது பிரதியில் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழும்படி தாளை வைக்கச் சொல்லுங்கள், இடது ஓரத்தில் இடம் கிடைக்கும். மூலத்தை ஒரு கவரில் போட்டு பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஜெராக்ஸுக்கு சீப்பு போடுங்கள், அடுப்படியில் தட்டையாக விரிந்து கிடக்கும், முன்னும் பின்னும் ஓஹெச்பி ஷீட் இருந்தால் எண்ணெய்க் கையைத் துடைத்துவிடலாம்.

40 தாளுக்கு 8 மில்லிமீட்டரே போதும். ஆனால் அண்ணியும் தங்கையும் அனுப்பப்போகிறார்களே, 14 போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தாள் வந்தவுடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. வரும் தாளுக்கு ஓட்டை மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் விளிம்புவரை கத்தரிக்கோலால் ஒரு கீறல் போட்டு, வளையங்களில் ஒவ்வொன்றாக அமுக்கினால் அந்தந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பத்து தாள் சேர்ந்ததும் கடையில் கொடுத்து, கீறல் இல்லாத புதுப் பிரதியாக மாட்டிக்கொள்ளலாம்.