ஏலேலோவுக்கும் ஐலசாவுக்கும் நடுவே

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படைப் பொறுப்பைப் பார்த்துவந்த டீச்சர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் தலைமையாசிரியை. குவாலியர் போய்ப் பயிற்சி முடித்து வர வேண்டுமாம். எனக்கு மூன்று தயக்கங்கள். ஒன்று, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டாளத்துப் பழக்கம் தேவையா? இந்திக் கட்டளையைச் சொல்லிக் கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் வேறு செய்கிறார்கள். இரண்டு, எங்கள் பிள்ளைகள் வருகிற ஏரியா அப்படி. கட்டுப்பாடு என்றால் என்னவென்றே தெரியாது. பாதிப் பேர் பரேடு முடிந்து கொடுக்கும் பூரிக்காகத்தான் வருகிறார்கள். இவர்களுக்குத் தலைமைப் பண்பு என்று பாடம் எடுத்து என்ன ஆகப்போகிறது? மூன்று, என் குரல் மெல்லியது. வகுப்பிலேயே கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. மைதானத்தில் நின்று நான் எப்படிக் கட்டளை கொடுப்பேன்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

போன சனிக்கிழமை காலை நடையின்போது ஒரு பள்ளிச் சுவரோரம் நின்றுவிட்டேன். உள்ளே பரேடு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் திரும்பச் சொல்லும் கட்டளை. அபௌட்டர்ன், அபௌட்டர்ன் என்று ஒரே சொல்லாக, மூச்சுவிடாமல். பதிலுக்கு வந்த பூட்ஸ் சத்தம், தரையில் கொட்டிய புளியங்கொட்டை மாதிரி சிதறியது. வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. இரண்டு நாளில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதல் தயக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1946-ல் எச்.என். குன்ஸ்ரு என்ற பொதுவாழ்க்கைத் தலைவரின் தலைமையில் குழு போட்டு, 1948-ல் சட்டம் இயற்றி என்.சி.சி.யைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. சேரும் பிள்ளையைப் போருக்கு அழைக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சீனப் போருக்குப் பிறகு 1963-ல் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள், 1968-ல் அதைக் கைவிட்டு விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று மாற்றினார்கள். அதனால் விருப்பமில்லாத பிள்ளையை இழுத்து வந்து நிறுத்தாதீர்கள். அது போதும். இந்திக் கட்டளை பற்றிய பேச்சு வேறு. 1968 ஜனவரி 23-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் இடம்பெற்றன, அவை கூடாது என்று. உயிர்களைக் கொடுத்த போராட்டத்தின் தொடர்ச்சி அது. அதை ஆசிரியர் அறையில் கிண்டலாக்குகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

இரண்டாவதற்கு வருகிறேன். இங்கே உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

"ஏரியா அப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி என்றால் எப்படி? உங்கள் வகுப்பில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டுவிட்டு வருகிற பிள்ளை எத்தனை பேர்? தம்பியைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, அம்மா வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறவள் எத்தனை பேர்? ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? நீங்களும் நானும் அலாரத்தை இரண்டு தடவை அணைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கட்டுப்பாடு தெரியாது என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அப்புறம் அந்தப் பூரி. காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற குழந்தை பூரிக்காக வருகிறது என்றால், அந்தப் பூரி சூடாக இருக்கிறதா, கடைசியில் நிற்கிறவள் வரை வருகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. இதை இனி யாரிடமும் குறையாகச் சொல்லாதீர்கள்.

நானும் அந்தப் பூரிக்காகப் போனவன்தான். 1983, வடசென்னை, எட்டாம் வகுப்பு. வரிசையிலேயே குள்ளமானவன். பரேடில் முதல் வேலை உயரப்படி நிறுத்துவது. உயரமானவன் வலது கோடி, குள்ளமானவன் இடது கோடி. பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, பிரித்து மூன்று வரிசையாக்குவார்கள். முடிவில் உயரமானவர்கள் இரண்டு ஓரத்திலும், குள்ளமானவர்கள் நடுவிலும் வந்து சேர்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அணி அழகாக இருக்கும். நடுவில் நிற்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர் பூட்ஸ். என் கால் நாலு. அப்பா செய்தித்தாளைக் கசக்கி முன்பக்கம் திணித்துக் கொடுப்பார். அரைமணி நேரத்தில் வியர்வையில் ஊறித் தாள் கூழாகிவிடும். திரும்பும்போது கால் திரும்பும், பூட்ஸ் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். எங்கள் அணிக்குத் தலைவனாக இருந்த மாணவன், அதாவது சார்ஜென்ட், படபடவென்று கட்டளை கொடுப்பான். எல்லாருடைய குதிகாலும் 'டக்' என்று விழுந்த பிறகு, தனியாக ஒரு 'டொக்' கேட்கும். அது நான். மைதானத்தைச் சுற்றி மொத்த அணியும் ஓட வேண்டும்.

எங்கள் அணியில் இன்னொருவன் இருந்தான். காசிமேட்டில் விடியற்காலை ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு நேரே பரேடுக்கு வருவான். ஒரு நாள் உடுப்புச் சோதனையில், பொறுப்பாக இருந்த ஆசிரியர் அவன் முன் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "மீன் நாத்தத்தோட யூனிஃபார்ம் போடறதுக்கு வெக்கமா இல்ல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வெளியே நிறுத்தினார். தண்ணீர்க் குழாயடியில் அவன் அட்டென்ஷனிலேயே நின்றான். பரேடு முடிகிறவரை கையை அசைக்கவில்லை. பெல்ட்டின் பித்தளை பளபளவென்று மின்னியது. அந்தக் காலைக்காக ராத்திரி உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். நாற்பது வருடம் ஆகிறது. அந்த ஆசிரியரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பட்டாளத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த ஹவில்தார் வடக்கத்திக்காரர். தமிழில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனை விரலால் கூப்பிட்டு அணிக்கு முன்னால் நிறுத்தினார். கட்டளை கொடு என்று சைகை செய்தார்.

அவனுக்கு மகரக்கட்டு உடைகிற வயது. "ஸ்குவாட்" என்று ஆரம்பித்ததுமே குரல் பிசிறிக் கீச்சென்றது. நாங்கள் சிரித்தோம். அவன் மேலே எதுவும் சொல்லவில்லை, காத்திருந்தான். சிரிப்பு அடங்கியது. அவன் கண் வலது கோடியிலிருந்து இடது கோடிவரை எங்கள் கால்களை ஒரு முறை பார்த்துக்கொண்டே போனது. நடுவில், என் பூட்ஸில் வந்து நின்றது. நான் குதிகாலைச் சரிசெய்துகொண்டேன். அதற்கு அப்புறம்தான் மீதிச் சொல் வந்தது. "அபௌட்..." ஒரு மூச்சு. "டர்ன்." மொத்தக் குதிகாலும் ஒரே சத்தம். ஒன்றே ஒன்று.

டீச்சர், குவாலியரில் உங்களுக்கும் இதைச் சொல்லித்தருவார்கள். ஒவ்வொரு கட்டளையும் இரண்டு துண்டு. முதல் துண்டு எச்சரிக்கை. நீட்டிச் சொல்ல வேண்டும். என்ன வரப்போகிறது என்று கேட்பவனின் உடம்புக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது துண்டு செயல். சுருக்கென்று விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பலர் அதை மிடுக்குக்காக விடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணியிலேயே மெதுவானவன் தயாராவதற்குத்தான் அந்த இடைவெளி. கெட்டிக்காரனுக்கு அது தேவையே இல்லை. அவன் முதல் எழுத்திலேயே திரும்பத் தயாராக இருப்பான். பெரிய பூட்ஸ் போட்டவனுக்காக, காது மந்தமானவனுக்காக, ராத்திரி தூங்காமல் வந்தவனுக்காக அந்த மூச்சு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் அணி என்றால் இன்னும் கடினம். ஹால்ட், அதாவது நில், என்ற சொல் எந்தக் கால் தரையைத் தொடும்போது விழ வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. நினைத்த நேரத்தில் கத்த முடியாது. அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்தக் கால் வந்து சேரும்போது சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவள் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் தப்பிவிடும். காலடியைக் கேட்க வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் தலைமைப் பண்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நடத்துங்கள், தேர்வுக்கு வேண்டும். ஆனால் அதை எல்லாம் மனப்பாடம் செய்து, பள்ளி அளவில் தரும் ஏ சான்றிதழ் வாங்கிய பிள்ளைக்கு இந்த ஒரு மூச்சை விடத் தெரியவில்லை என்றால், நீங்கள் இரண்டு வருடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அன்றைக்குப் பூரி வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சொன்னான். கரையில் கட்டுமரம் இழுக்கும்போது அவன் தாத்தாதான் பாட்டுச் சொல்வாராம். ஏலேலோ என்று அவர் நீட்டுவார், எல்லாரும் மூச்சு இழுத்துக்கொள்வார்கள். ஐலசா என்றால் இழுப்பு. "கடைசி ஆளு கை கயித்துல வுழுந்துச்சான்னு பாத்துட்டுத்தான் ஐலசா சொல்லணும்டா. இல்லன்னா அவன் மண்ணுல வுழுந்துடுவான். மரமும் நவுராது."

இதைச் சொல்லிவிட்டுக் கிழங்கை வழித்துச் சாப்பிட்டான். விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

அவன் பட்டாளத்துக்குப் போகவில்லை, பத்தாவதும் முடிக்கவில்லை. விசைப்படகில் டிரைவராகி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்கள் "என்ன ஆகப்போகிறது" என்று கேட்டதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய பதில் இல்லை. சீருடைப் பணித் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், கல்லூரியில் தொடர்ந்து சி சான்றிதழ்வரை போனால் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்முகத்துக்குப் போக வழி இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உயரமான பிள்ளை, சத்தமான பிள்ளை, நன்றாக இங்கிலீஷ் பேசுகிற பிள்ளை, இவர்களையே சார்ஜென்ட் ஆக்கிவிடாதீர்கள். எல்லாப் பள்ளியிலும் அதைத்தான் செய்கிறார்கள். வாராவாரம் ஒருத்தியை முன்னால் கூப்பிடுங்கள். நடுவில் நிற்கிறவளையும் கூப்பிடுங்கள். குரல் கீச்சிடட்டும், மற்றவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் பாய்ந்து போய் அதட்டாதீர்கள். அவள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள் என்று பாருங்கள்.

குரல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குவாலியரில் அதற்கும் பழக்குவார்கள், போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்து முதல் பரேடுக்குப் போகும்போது பழைய செய்தித்தாள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் பெரிதாக இருக்கிற பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். நடு வரிசையில், நடுவில் பாருங்கள்.